டூ-லெட் தொங்கிய வண்டி

பாலாஜி கட்டிய அரண்மனைகளைப் பார்த்தால் பழைய ராஜாக்களே பொறாமைப்படுவார்கள். எல்லாம் தெர்மாக்கோல் அரண்மனைகள். கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் எழும்பும், மறுநாள் மத்தியானப் பந்தி முடிவதற்குள் குப்பையாகிவிடும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு தகர ஷெட்டில் மேடை அலங்காரக் கடை வைத்திருக்கிறான். ஊரிலிருக்கிற மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் மாளிகையில் உட்கார வைத்தவனுக்கு, சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு சுவர் கிடையாது.

நான் மாறன். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே பெஞ்ச், ஒரே காலனி. இப்போது குட்டி யானை ஓட்டுகிறேன். அவனுடைய அரண்மனைகளை ஏற்றி இறக்குவது என் வண்டிதான். அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. நல்ல கலைஞன். வடிகட்டிய பயந்தாங்கொள்ளி. எவனாவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்தால் போதும், இவன் முதுகு தானாக வளையும். வாயில் ‘சார்’ என்ற சொல் எச்சில் மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தான். மனைவி பாஞ்சாலை, ஒரே பெண் இனியா. இனியா பிளஸ் டூ. பங்குனியில் பரீட்சை. அந்த வருஷம் பார்த்துத்தான் வீட்டுக்காரருக்கு ஞானோதயம் வந்தது. மன அமைதி தேடி வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். தை முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். வெள்ளைக்காரனின் மன அமைதிக்காக இனியா புத்தகத்தைக் கட்ட வேண்டியதாயிற்று.

சரி, வேறு வீடு பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். திருவண்ணாமலையில் டூ-லெட் பலகைக்கா பஞ்சம்? பலகை தொங்கும், கதவு திறக்கும், வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், தண்ணீர் எந்நேரமும் வரும் என்று பெருமையடிப்பார்கள். எத்தனை பேர் என்பார்கள். கறி சமைப்பீர்களா என்பார்கள். அதற்கெல்லாம் பாஞ்சாலை பதில் வைத்திருந்தாள். வீடு கிடைப்பதற்காக மாதக் கணக்காக அந்த வீட்டில் கருவாட்டு வாசனையே இல்லை. கடைசியாக, செருப்பை மாட்டும் நேரத்தில், ரொம்ப அன்பாக ஒரு கேள்வி வரும்.

“சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கமா? நல்லது, நல்லது. ஊர்ல எந்தப் பக்கம்?”

ஊரா, காலனியா என்று நேராகக் கேட்க மாட்டார்கள். படித்தவர்கள் அல்லவா, நாகரிகம் தடுக்கும். காலனி இருப்பது கிழக்கே. பாலாஜி கிழக்குப் பக்கம் என்பான். அவ்வளவுதான். அந்த நிமிஷமே அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து பையன் வந்துவிடுவான். இல்லாவிட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போய், கூடவே வந்து தங்கப்போகிறாள். பாலாஜி வீடு கேட்டுப் போன தெருவிலெல்லாம் இப்படிப் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தால் அமெரிக்காவில் இந்நேரம் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் இருந்திருக்காது.

“பொய் சொல்லித் தொலையேன்டா,” என்று ஒரு நாள் கத்தினேன்.

“நான் சொல்லிடுவேன்டா. அப்புறம் எங்கம்மா வந்து நிப்பாங்க, மாமா வருவாரு. அவங்களையும் பொய் சொல்லச் சொல்றதா?” என்றான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் முதுகு நேராக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் ராஜேந்திரன் கூப்பிட்டு அனுப்பினார். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி. வேங்கிக்காலில் அவருக்கு வரிசையாக வீடுகள். வீடாக வாங்கி அலுத்துப்போய், வீடில்லாதவர்களுக்காக ஓர் அறக்கட்டளை ஆரம்பித்திருந்தார். பெயர் ‘கூரை’. வீடற்றோர் இல்லாத நாடு வேண்டும் என்று திருவண்ணாமலையிலிருந்து சென்னை வரைக்கும் நடக்கப்போகிறார்களாம். நடந்தால் எப்படி வீடு வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னால் இழுத்துப்போக ஓர் அடையாள வண்டி வேண்டும், அதை பாலாஜிதான் வடிவமைக்க வேண்டும் என்றார்.

பாலாஜி தலையைச் சொறிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். “சார், உங்க மாடி போர்ஷன் ஒண்ணு பூட்டியே கெடக்குதே...”

“உனக்கில்லாததாப்பா? மொதல்ல வண்டிய முடி. அப்புறம் பாக்கலாம்,” என்றார் ராஜேந்திரன்.

‘பாக்கலாம்’ என்பதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். பாலாஜிக்குத் தெரியவில்லை. சாவியே கைக்கு வந்துவிட்டது போல வீட்டுக்கு ஓடினான். அந்த மாடி வீட்டில் ஒரு பால்கனி உண்டு, அங்கே நின்றால் மலை முழுசாகத் தெரியும். இனியா அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டான்.

வண்டியைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ரெண்டு வீடு. வீடில்லாதவனின் கஷ்டம் எப்படி இருக்கும் என்று ஏசியைக் குறைத்து வைத்துக்கொண்டு யோசித்தார்கள். ஓலைக் குடிசை வைக்கலாம் என்றார் ஒருவர். குருவிக்கூடு நல்லது, குருவிக்குக் கூட வீடு இருக்கிறது பாருங்கள் என்று இன்னொருவர் கண் கலங்கினார். கோபுரம் வைத்தால் ஜனம் கும்பிடும், உண்டியல் நிறையும் என்று ஒரு விவரமான குரல் வந்தது. ராஜேந்திரனுக்கு ஒரே ஒரு கவலைதான். அவருடைய போன் நம்பர் பெரிசாகத் தெரிய வேண்டும்.

பாலாஜி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். ஆனால் செய்தது ஒரு வீடு. தள்ளுவண்டியை அடியில் வைத்து, மேலே பிளைவுட்டிலும் தெர்மாக்கோலிலும் ஓர் அசல் வீடு. மஞ்சள் சுவர், வாசல் படி, படியில் கோலம், துளசி மாடம். சமையலறைக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் அளவை பாஞ்சாலை சொல்லச் சொல்ல வெட்டினான். வெளியே பார்த்துக்கொண்டு சமைக்க வேண்டும் என்பது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆசை. முன்பக்கம் ஒரு பால்கனி. ஒரு பொம்மை நாற்காலியை அதில் ஒட்டும்போது இனியா பக்கத்தில் நின்று சிரித்தாள். பைத்தியக்காரன், ராஜேந்திரன் வீட்டு மாடியையே கட்டிவிட்டான்.

முடித்த பிறகு கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தான். “எதோ கொறையுதுடா,” என்றான். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன பலகையை வெட்டி, வெள்ளையடித்து, சிவப்பில் ‘டூ-லெட்’ என்று எழுதி, கீழே ராஜேந்திரனின் போன் நம்பரையும் எழுதி, வாசல் கேட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டான். மாதக் கணக்காக அவன் பார்த்த வீடுகளிலெல்லாம் அது தொங்கியது. அது இல்லாவிட்டால் அவன் கண்ணுக்கு வீடு வீடாகவே தெரியவில்லை. இதில் குறும்பு எதுவும் இல்லை, குறும்பு செய்கிற அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் ஏது?

கமிட்டி வந்து பார்த்தது. பலகையைக் கண்டதும் ஒருவர் முகம் சுளித்தார். நான்கூட, தொலைந்தான் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் மூர்த்தி முன்னால் வந்தார். அறக்கட்டளையின் துணைத் தலைவர். காவி ஜிப்பா போட்டுக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடுகிறவர். பலகையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணை மூடினார்.

“ஆகா! என்ன தத்துவம்! இந்த உடம்பே வாடகை வீடு. உசுரு குடித்தனக்காரன். ஓனர் மலைமேல இருக்காரு. இவ்ளோ பெரிய விஷயத்த ஒரு பலகையில சொல்லிட்டானே!”

உடனே எல்லோருக்கும் தத்துவம் புரிந்துவிட்டது. இந்த ஊரில் டீக்கடை பெஞ்சு காலொடிந்து விழுந்தாலும் அதில் தத்துவம் பார்க்க நாலு பேர் கூடுவார்கள். ராஜேந்திரன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சரி பார்த்தார். “எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா போட்டுடு,” என்றார். போட்டான்.

மூர்த்தி இன்னொரு வேலையும் வைத்தார். வாஸ்து. போட்டோவுக்கு வாகாக இருக்கட்டும் என்று வாசலை வண்டியின் பக்கவாட்டில் வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். சென்னை சாலையில் போகும்போது அது தெற்கு பார்த்துவிடும் என்று அலறியதும் அவர்கள்தான். தெற்கு வாசல் எமனுக்கு ஆகும், நல்ல காரியத்துக்கு ஆகாது. கடைசியில் மூர்த்தியே ஒரு வழி கண்டுபிடித்தார். நடக்கும்போது தோஷமில்லை, நிற்கும்போது மட்டும் வாசல் கிழக்கு பார்க்க வேண்டும். ஆக, டீ குடிக்க நின்றாலும் வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்புவது யார்? வேறு யார், பாலாஜிதான்.

மாசி பிறந்து, பயணம் கிளம்புகிற நாளும் வந்தது. சந்து வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வண்டி சென்னை போய்த் திரும்புகிற வரைக்கும் தவணை வாங்கியிருந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கூரையில் பூசணிக்காய், எல்லாம் ஆயிற்று. தண்ணீர் கேஸ்களை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வர என் குட்டி யானையை அமர்த்தியிருந்தார்கள். பெண்களும் நடந்தால் பத்திரிகையில் நன்றாக வரும் என்று ராஜேந்திரன் சொல்லியிருந்ததால் பாஞ்சாலையும் வந்தாள். வீடற்றோருக்காக அல்ல, மாடி வீட்டுக்காக. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு நடந்தாள்.

மலையைச் சுற்றிவிட்டுத்தான் ஊரைத் தாண்ட வேண்டும் என்று கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் இழுத்தார்கள். ஓரமெல்லாம் சாக்கு விரித்து ஜனம் படுத்திருந்தது. வண்டிக்கு வழிவிடச் சொல்லி அவர்களை எழுப்பினார்கள். நான் வண்டியிலிருந்து தலையை நீட்டி, “சார், இவங்களுக்கும் வீடு இல்லியே?” என்று மூர்த்தியிடம் கேட்டேன்.

“இவங்கள்லாம் வீடு வேணாம்னு விட்டு வந்தவங்கப்பா,” என்றார் மூர்த்தி. “அது வேற டிபார்ட்மென்ட்.”

ஒரு கிழவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டே, “நானா விட்டு வந்தேன்? என் மவன் தொரத்திவிட்டான்,” என்றார். அது மூர்த்தியின் காதில் விழவில்லை. முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் ராஜேந்திரனின் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் வாயெல்லாம் பல்லாக எடுத்தார், நன்கொடை என்று நினைத்தார்.

“வீடு வாடகைக்குன்னு போர்டு பாத்தேங்க. அட்வான்ஸ் எவ்ளோ?” என்றது போன்.

“அது சிம்பாலிக்குங்க.”

“சிம்பாலிக்னா சிங்கிள் பெட்ரூமாங்க?”

பஸ்ஸில் போகிறவன், சைக்கிளில் போகிறவன், கரும்பு லாரிக்காரன், பலகையைப் பார்த்தவனெல்லாம் போன் போட்டான். அது வண்டியின் மேல் தொங்குகிறது என்பதைப் பற்றி ஒருவனும் கவலைப்படவில்லை. வீடு தேடுகிறவன் கண்ணுக்கு டூ-லெட் மட்டும்தான் தெரியும். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்ட ஒரு பெண், ஒரு அறை போதும் சார், சமையலைக்கூட வெளியே வைத்துக்கொள்கிறேன் என்று அழுதாளாம். “சும்மா தொணதொணன்னு உயிர எடுக்கறாங்கப்பா,” என்று வீடற்றோரின் தலைவர் போனைத் தூரப் பிடித்துக்கொண்டார். பலகையைக் கழற்றச் சொல்லலாம்தான். ஆனால் தத்துவம் போய்விடுமே.

மத்தியானம் கீழ்பென்னாத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராஜேந்திரன் காலை நீட்டினார். பாலாஜி வண்டியின் மூலையில் தோளைக் கொடுத்து, வாசலைக் கிழக்கே திருப்பிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாஞ்சாலை மரத்தின் வேரில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“ஹலோ... போர்டா? அது சிம்பாலிக்குங்க... எங்க வேல செய்யறீங்க? பேங்க்லயா? இருங்க, இருங்க, வெச்சிடாதீங்க.”

ராஜேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிம்பாலிக் எல்லாம் பறந்துவிட்டது.

“பேரு என்னங்க? சுரேஷ்குமாரா. எத்தினி பேரு? ரெண்டே பேருதானா, சந்தோஷம். நான்-வெஜ்ஜு? வாரத்துல ஒரு நாளா? அது பரவால்ல, அதுக்கு இன்னா பண்றது. சொந்த ஊரு?... ஓ, நம்ம பக்கந்தான். ஊர்ல எந்தப் பக்கம்?”

பாஞ்சாலையின் கை காலில் அப்படியே நின்றது. எதிர்முனையில் என்ன சொன்னானோ, ராஜேந்திரன் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்மாளு! மொதல்லியே சொல்லக் கூடாதா? வேங்கிக்கால்ல மாடி போர்ஷன் ஒண்ணு காலியாத்தான் கெடக்குது. பால்கனில நின்னீங்கன்னா மலை தெரியும். நான் சென்னை போயிட்டு வந்துடறேன், நீங்க சாவிய எங்க வூட்ல வாங்கிக்குங்க. முடிஞ்சிது. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

பாலாஜி அப்போதும் வண்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டுதான் நின்றான். வாசல் சரியாகக் கிழக்கே திரும்பியிருந்தது. அவன் எழுதிய பலகை, அவன் எழுதிய நம்பர், அவன் கேட்ட வீடு. அவனே ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டான். அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சிரிக்கப் பார்த்தான்.

ராஜேந்திரன் அப்போதுதான் அவனைக் கவனித்தார். “பாலாஜி, நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காத. அந்த மாடி உனக்கு செட் ஆவாது. தெர்மாக்கோல்லாம் வெச்சிக்கினு மேல ஏற எறங்க கஷ்டம். உனக்கு வேற எதுனா பாக்கலாம்.”

“சரிங்க சார்,” என்றான் அந்த மடையன்.

பாஞ்சாலை எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியிடம் போனாள். கேட்டில் தொங்கிய பலகையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். நேராக வந்து ராஜேந்திரனின் மடியில் வைத்தாள்.

“இன்னாம்மா இது?”

“வீடுதான் போயிடுச்சே சார். வாடகைக்கு விட்டுட்டா போர்ட கழட்டிடணும். இல்லன்னா எங்கள மாதிரி யாருனா போன் பண்ணிக்கினே இருப்பாங்க.”

“அய்யய்யோ, அதுல பெரிய தத்துவம் இருக்குதும்மா,” என்று பதறினார் மூர்த்தி.

“தத்துவத்துல குடி போவ முடியல சார்,” என்றாள் பாஞ்சாலை.

பாலாஜிதான் ஓடிவந்து அந்தப் பலகையை எடுத்தான். ராஜேந்திரன் கோபித்துக்கொள்வாரே என்ற பயம். மறுபடியும் கொக்கியில் மாட்டப்போனான். பாஞ்சாலை அவன் எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“இன்னும் எத்தினி பேருக்கு வீடு புடிச்சிக் குடுக்கப் போற?”

பாலாஜி பலகையைத் தரையில் வைத்தான். பிறகு இருவரும் கீழ்பென்னாத்தூர் சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். நான் தண்ணீர் கேஸ்களை மரத்தடியில் இறக்கிப் போட்டுவிட்டு, “சார், வண்டில டீசல் தீந்துடுச்சு,” என்று சொல்லிவிட்டு, டீசல் தீர்ந்த வண்டியை ஓட்டிக்கொண்டே போய் அவர்களை ஏற்றிக்கொண்டேன்.

அடையாள வண்டி சென்னை போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் பத்திரிகையில் போட்டோ வந்தது. வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரியவில்லை, திருப்புவதற்கு அவர்களில் ஒருவருக்கும் தோள் இருந்திருக்காது. பாலாஜி அந்தப் போட்டோவைப் பார்த்து, “மஞ்சள் கலர் நல்லா வந்துக்குது இல்ல?” என்றான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

இப்போது அவர்கள் கீழ்பென்னாத்தூரில் பாஞ்சாலையின் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். ஓர் அறை. இனியா விடியற்காலை பஸ் பிடித்து, நின்றுகொண்டே படித்து, பரீட்சை எழுதிவிட்டு வருகிறாள். அவள் எப்படி எழுதுகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கடை மட்டும் வேங்கிக்காலில் அதே ஷெட்டில் நடக்கிறது.

போன வாரம் நான் ஒரு லோடு ஏற்ற அங்கே போயிருந்தேன். பாஞ்சாலை மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பாலாஜி இரண்டு கையிலும் பசையோடு ஒரு தூணை ஒட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கை ஒட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

“பாலாஜிங்களா? நான் சுரேஷ்குமார். ராஜேந்திரன் சார்தான் நம்பர் குடுத்தாரு. அவரு வீட்டு மாடிக்குக் குடி வர்றோம். வர்ற வெள்ளிக்கிழம பால் காய்ச்சறோம். வாசலுக்கும் பால்கனிக்கும் அலங்காரம் பண்ணணும். காசு ஜாஸ்தியானாலும் பரவால்ல.”

பாஞ்சாலை பூவைக் கீழே வைத்துவிட்டாள். ‘செஞ்சிடலாம் சார்’ என்று சொல்லப்போகிறான், நாக்கில் தயாராக இருக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாலாஜி ஒட்டிக்கொண்டிருந்த தூணையே பார்த்தான்.

“நல்லதுங்க சார். சொந்த ஊரு எது சார்?”

சுரேஷ்குமார் சொன்னான்.

“நல்லது, நல்லது. ஊர்ல எந்தப் பக்கம்?”

அவன் அதையும் சொன்னான். கேட்காமலேயே தெருப் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

“அடடா,” என்றான் பாலாஜி. குரலில் அப்படி ஓர் அன்பு. “கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருக்கக் கூடாதா சார்? வெள்ளிக்கிழம அமெரிக்காலேர்ந்து என் பையன் வரான்.”

மூக்கு நுனியால் போனை அணைத்துவிட்டு, தூணுக்கு அடுத்த பக்கம் பசை தடவ ஆரம்பித்தான்.